பந்து தெரியாத ஒளிபரப்பு

மலேசியாவில் ஹாக்கி ரசிகனாக இருப்பவனுக்கு ஆட்டத்துக்கு முன்னால் இன்னோர் ஆட்டம் இருக்கிறது. இன்றைக்கு மேட்ச் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் ஆட்டம். காற்பந்து என்றால் இந்தக் கவலையே இல்லை. ஜொகூர் பாருவில் எந்த மாமாக் கடைக்குப் போனாலும் சுவரில் பெரிய திரை இருக்கும். நடுராத்திரி இரண்டு மணிக்கு லிவர்பூல் ஆடினாலும் தே தாரிக்கோடு நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஹாக்கி ஓடும் கடையை நான் இன்னும் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டே பார்த்தேன். "அண்ணே, ஹாக்கி போடுங்கண்ணே, மலேசியா ஆடுது." கடைக்காரர் நல்ல மனிதர். ரிமோட்டை எடுத்து நாலு அலைவரிசை மாற்றிப் பார்த்துவிட்டு, "இல்லையே தம்பி, வாலிபால் ஓடுது, பாக்குறியா?" என்றார்.

எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. பதினான்கு பேர். பாதிப் பேர் ஸ்கூடாயில் என்னோடு பொறியியல் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய அண்ணன் தம்பிகள். பெரிய போட்டி நெருங்கினால் குழுவில் ஹாக்கிப் பேச்சு நின்றுபோய், லிங்க் பேச்சு தொடங்கிவிடும். "இது ஓடுதா?" "இல்லடா, உன் நாட்டுல கிடைக்காதுன்னு வருது." "வி.பி.என். போட்டுப் பாரு." "போட்டேன், சுத்திக்கிட்டே இருக்கு." ஒரு தடவை ஐந்து பேர் சேர்ந்து ஒரு செயலிக்குப் பணம் கட்டினோம். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திரை கறுப்பானது. நடுவில் ஒரே ஒரு வரி: இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது ஈப்போவில்.

இதில் யாரும் சதி செய்யவில்லை என்பது பிறகு புரிந்தது. ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் அதை வாங்கிவிட்டால், இணையத்தில் அதே ஆட்டத்தைக் காட்டும் தளம் அந்த நாட்டுக்காரனுக்குக் கதவைச் சாத்தியாக வேண்டும். வாங்கியவர் அந்த நேரத்தில் பூப்பந்து காட்டிக்கொண்டிருந்தாலும் கதவு திறக்காது. அதனால் ஈப்போவில் நடக்கும் ஆட்டத்தை எங்கோ ஐரோப்பாவில் ஒருவன் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கிறான். ஐந்து மணி நேரம் கார் ஓட்டினால் அரங்கத்துக்கே போய்விடக்கூடிய நான் கறுப்புத் திரையைப் பார்க்கிறேன்.

சரி, லிங்க் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் தாமதம். இணைய ஒளிபரப்பில் காட்சியைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். நம் கைப்பேசி அப்படி மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓடவிடும். எல்லாம் சேர்ந்து இருபது முப்பது வினாடி பின்தங்கிவிடும். என் திரையில் எதிரணி இன்னும் நடுக்கோட்டைத் தாண்டியிருக்காது, குழுவில் ஒருத்தன் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையைப் போட்டிருப்பான். கோல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே அது விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தனி வகைத் துன்பம்.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. பந்து தெரியாது. நான் மிகைப்படுத்தவில்லை, கணக்குப் போட்டே காட்டுகிறேன். பெனால்டி கார்னரில் ஒரு நல்ல டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். 108 என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 30 மீட்டர். வினாடிக்கு 25 படங்கள் காட்டும் ஒளிபரப்பில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து 1.2 மீட்டர் நகர்ந்துவிடும். வட்டத்தின் விளிம்பிலிருந்து கோல் கம்பம் 14.63 மீட்டர். ஆக மொத்தம் பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டு படத்திலும் பந்து இருக்க வேண்டும். ஆனால் கையைவிடச் சிறிய திரையில், அலைக்கற்றை போதாமல் அமுக்கி அனுப்பிய காட்சியில், அது தரையின் நிறத்தோடு கரைந்துபோகும். ஆட்டக்காரர்கள் கையைத் தூக்கும்போதுதான் கோல் என்று தெரியும்.

ஆட்டத்தின் மேல் பழி சொல்லவும் முடியவில்லை. தொலைக்காட்சிக்காக ஹாக்கி மாற்றிக்கொண்டதைப் போல எந்த விளையாட்டும் மாற்றிக்கொண்டிருக்குமா என்று தெரியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பச்சைத் தரையை நீலமாக்கினார்கள், வெள்ளைப் பந்தை மஞ்சளாக்கினார்கள், பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. 2014இல் முப்பத்தைந்து நிமிடப் பாதி இரண்டாக இருந்த ஆட்டத்தைப் பதினைந்து நிமிடக் கால் பகுதி நான்காக வெட்டினார்கள். பெனால்டி கார்னர் கொடுத்தால் கடிகாரத்தை நாற்பது வினாடி நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் மறுகாட்சி போடலாம், விளம்பரம் போடலாம். பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து, மாவிலை கட்டி, பஜ்ஜி சுட்டு வைத்த மாதிரி. மாப்பிள்ளை வீட்டார்தான் இன்னும் வந்தபாடில்லை.

*

எங்கள் வீட்டில் இந்த அலைவரிசை வேட்டை பரம்பரைத் தொழில். ஜொகூர் பாருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பழைய வீடுகளின் கூரையில் இருக்கும் ஏரியல்கள் தெற்கே பார்த்து நிற்கும். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். அங்கே ஒளிபரப்பாகும் அலைவரிசைகள் எல்லை பார்க்காமல் இங்கேயும் வந்துவிழும். 1990களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஜொகூருக்குக் கொடி பிடித்த அப்பா, சிங்கப்பூர் தொலைக்காட்சியில் ஃபாண்டி அஹமதையும் வி. சுந்தரமூர்த்தியையும் பார்ப்பதற்காகவே கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவாராம். அம்மா கீழே நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போச்சு, திரும்பி வாங்க" என்று கத்துவாராம். 1994இல் கிண்ணத்தை வென்ற கையோடு சிங்கப்பூர் விலகிக்கொண்டது. ஏரியல் மட்டும் இன்றுவரை தெற்கேதான் பார்க்கிறது.

அப்பாவுக்குக் காற்பந்து. எனக்கு ஹாக்கி எப்படி ஒட்டியது என்றால், அதற்கு 2018 ஆகஸ்டுதான் காரணம். அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஆகஸ்ட் 30, அரையிறுதி, மலேசியா எதிர் இந்தியா. 2-2 என்று முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் ஆள் பந்தோடு வருவான், எதிரே கோல்கீப்பர் தனியாக நிற்பார், எட்டு வினாடிக்குள் முடிக்க வேண்டும். அந்தப் பக்கம் பி.ஆர். ஸ்ரீஜேஷ், எர்ணாகுளம் பக்கத்துக் கிழக்கம்பலத்துக்காரர். இந்தப் பக்கம் நம்ம எஸ். குமார், ஏறக்குறைய இருபது வருடம் மலேசியாவுக்குக் கோல் காத்த தமிழர். ஐந்து ஐந்து முடிந்தும் சமம். சடன் டெத். கடைசியில் 7-6 என்று மலேசியா ஜெயித்தது. விடுதியில் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. மறுநாள் சுதந்திர தினம் வேறு.

செப்டம்பர் 1, இறுதியாட்டம், எதிரே ஜப்பான். ஜெயித்தால் தங்கம், அதோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி டிக்கெட். மலேசிய ஆடவர் அணி 2000 சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக் பார்த்ததில்லை. 5-2 என்று முன்னால் போனோம். விடுதி அறையில் கட்டில்மேல் ஒன்பது பேர். ஜப்பான் ஒவ்வொன்றாகத் திருப்பியது. ஆட்டம் 6-6. ஷூட் அவுட்டில் தோற்றோம். கட்டிலிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. தோற்ற ஆட்டம்தான் ரசிகனை உருவாக்குகிறது என்று நினைக்கிறேன். ஜெயித்திருந்தால் கொண்டாடிவிட்டு மறந்திருப்பேன்.

*

தொலைக்காட்சி காட்டாவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பதுதானே என்று கேட்கலாம். ஹாக்கியைப் பொறுத்தவரை ஜொகூர்க்காரனுக்கு அதிர்ஷ்டம் உண்டு. 2011 முதல் தாமான் டாயா ஹாக்கி அரங்கத்தில் சுல்தான் ஜொகூர் கிண்ணம் நடக்கிறது. 21 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி. தொற்றுக் காலத்து இரண்டு வருடம் தவிர ஒவ்வொரு ஆண்டும் நடந்திருக்கிறது. முதல் ஆண்டு மலேசியாவே வென்றது. 2013, 2014, 2022 ஆண்டுகளில் இந்தியா. ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் வந்து ஆடிவிட்டுப் போகின்றன. இன்றைக்கு இங்கே ஆடும் பையன் இன்னும் ஐந்து வருடத்தில் ஒலிம்பிக்கில் ஆடுவான். அவனைப் பத்தடி தூரத்தில், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அக்டோபரில் அந்த ஒரு வாரத்துக்கு ஷிஃப்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லிச் சூப்பர்வைசரிடம் ஆகஸ்டிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிடுவேன். அரங்கத்தில் கூட்டம் கலவையாக இருக்கும். பள்ளிக்கூடச் சீருடையில் மலாய்ப் பையன்கள், குடும்பத்தோடு வந்த பஞ்சாபிகள், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இந்தியாக்காரர்கள், பாகிஸ்தான்காரர்கள், ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர்கள். நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தால் எல்லோரும் மேலே பார்ப்போம். இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

2024 அக்டோபரில் அங்கே ஸ்ரீஜேஷைப் பார்த்தேன். ஆகஸ்டில்தான் பாரிஸில் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றிருந்தார். அவர் போட்ட 16ஆம் எண் சட்டையையே இந்திய சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். ஜூனியர் அணிப் பயிற்சியாளராக அவருடைய முதல் போட்டி எங்கள் ஊரில். ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கம்பிவலை ஓரமாக வந்தார். தொலைக்காட்சியில் கவசமும் தலைக்கூண்டுமாகப் பார்த்த ஆள், சாதாரண டீ சட்டையில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். சுற்றி ஐந்தாறு பேர்தான். படம் எடுத்துக்கொண்டோம். ஜகார்த்தாவில் உங்களை ஜெயித்த நாடு சார் எங்க நாடு என்று சொல்ல நினைத்தேன், வாயில் வந்தது "தேங்க்யூ சார்" மட்டும்தான். எல்லாம் சேர்த்து இருபது வினாடி இருக்கும். இணைய ஒளிபரப்பின் தாமதம் அளவு.

இருக்கைக்குத் திரும்பி வந்தேன். பக்கத்தில் எப்போதும் உட்காரும் அங்கிள், கையில் குடை, தோளில் துண்டு, காலில் ஜப்பான் சிலிப்பர், "யாரு, அந்தக் கேரளாக்காரப் பையனா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல கீப்பர். டிவில பாத்திருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்துக் குடையின் நுனியால் கீழ்வரிசையைக் காட்டினார். "அந்த நீலச் சட்டை போட்டவரு தெரியுதா? நாட்டுக்கு ஆடினவரு. அவருக்கு ரெண்டு சீட்டு தள்ளி, தொப்பி. அவரும்தான். அவங்ககூட யாராச்சும் படம் புடிக்கிறாங்களா பாரு."

யாரும் பிடிக்கவில்லை. நீலச் சட்டைக்காரர் கச்சான் உரித்துக்கொண்டிருந்தார்.

*

அந்த அங்கிளை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். ஆட்டம் பார்க்க வரும் பெரியவர் என்று மட்டும் தெரியும். ஆட்டத்தின்போது அவர் பேசும் மொழியே வேறு. பெனால்டி கார்னரை "ஷார்ட் கார்னர்" என்பார். இன்றைய மிட்ஃபீல்டர்களை "ரைட் ஹாஃப்", "இன்சைட் லெஃப்ட்" என்பார். ஹாக்கியில் ஆஃப்சைட் விதியை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது. ஒரு கோல் விழுந்தால் முகத்தைச் சுளித்து, "எங்க காலத்துல இது ஆஃப்சைட்" என்பார். நீலச் சட்டையைக் காட்டிய அன்றுதான் கேட்டேன், "அப்ப நீங்களும் ஆடுவீங்களா அங்கிள்?"

"ஆடினேன். கொஞ்ச நாள்."

கொஞ்ச நாள் என்பது தேசியப் பயிற்சி முகாமும் இரண்டு மூன்று வெளிநாட்டுப் பயணமும் என்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பெயரை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் அங்கிள் என்றே எழுதுகிறேன். தோட்டத்தில் பிறந்து, புல் திடலில் ஆடக் கற்று, ஹாக்கியால் அரசாங்க வேலை கிடைத்தவர். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை வந்தது. ஆட்டம் வேகமானது, ஸ்டிக் மாறியது, ஷூ மாறியது. "புல்லுல விழுந்தா மண்ணு ஒட்டும். அதுல விழுந்தா தோலு ஒட்டிக்கிட்டு வராது," என்றார். கடைசியில் அவருடைய முழங்கால்தான் விட்டுக்கொடுத்தது.

1975 பற்றி அவரிடம்தான் ஒழுங்காகக் கேட்டேன். அந்த வருடம் மூன்றாவது உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. மலேசிய அணியின் கேப்டன் ஒரு தமிழர், என். ஸ்ரீ சண்முகநாதன். அரையிறுதிவரை போனார்கள். எதிரே இந்தியா. மலேசியா 2-1 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடம். இந்தியா அஸ்லம் ஷேர் கானை உள்ளே இறக்கியது. வந்தவர் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டு, பெனால்டி கார்னரில் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2. பிறகு இறுதியில் பாகிஸ்தானையும் ஜெயித்து இந்தியா உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் இன்றுவரை நமக்கு அதற்கு மேல் இல்லை.

தாயத்தை முத்தமிட்ட கதையை நான் ஏற்கெனவே பல இடங்களில் படித்திருக்கிறேன். இந்தியாவில் அதைச் சொல்லாத ஹாக்கிக் கட்டுரை குறைவு. ஆனால் அந்தக் கதைகளில் மலேசியா ஒரு தடை, தாண்டப்பட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். எதிரே நின்ற பதினொரு பேருக்குப் பெயர் இருக்காது. அன்று மெர்டேக்கா அரங்கத்தில் பள்ளிக்கூடப் பையனாக உட்கார்ந்திருந்த அங்கிள், மலேசியாவின் இரண்டு கோலையும் கையால் காற்றில் வரைந்து காட்டினார். மூன்றாவது கோலைச் சொல்லும்போது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

முகம் என்பதை யார் தருகிறார்கள் என்று அப்போது யோசித்தேன். 2013இல் ஜே.டி.டி. காற்பந்து அணி அர்ஜென்டினாவின் பாப்லோ அய்மாரை ஒப்பந்தம் செய்தது. மெஸ்ஸி சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த ஆள். காயத்தால் அவர் இங்கே ஆடியது சில ஆட்டங்கள்தான். ஆனால் லார்க்கினில் ஒரு கடையில் காப்பி குடிக்க நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடியிருக்கும். பாதி உலகம் தாண்டி வந்தவரை முகம் பார்த்ததும் தெரியும். நமக்குக் காற்பந்தில் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை, நீண்ட கைகளுக்காக "ஸ்பைடர்மேன்" என்று ஊரே கூப்பிட்டவரை, 1988இல் சாலை விபத்தில் பறிகொடுத்தோம். என் வயதுக்காரர்களுக்கு அவரை ஞாபகப்படுத்தியது 2016இல் வந்த 'ஓலா போலா' படமும் அதில் வந்த முத்து என்ற கோல்கீப்பரும்தான். ஒரு சினிமா வந்ததால் ஆறுமுகத்துக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. ஹாக்கிக்காரர்களுக்கு அதுவும் வரவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் உலகக் கிண்ணத்தில் ஆடியவராக இருக்கலாம். நமக்குத் தெரிய வழியில்லை.

*

சென்ற வருடம் ஒருநாள் அங்கிள் கேட்டார். "தம்பி, இண்டர்நெட்ல பழைய மேட்ச் எல்லாம் கிடைக்குதாமே. எங்க மேட்ச் ஏதாச்சும் இருக்கான்னு பாரேன்."

பார்த்தேன். இரண்டு வாரம், ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் ஆடிய பழைய ஆட்டங்கள் கிடைத்தன, டச்சுக்காரர்கள் கிடைத்தார்கள், பாகிஸ்தானின் பொற்காலம் துண்டு துண்டாகக் கிடைத்தது. அவர் ஆடியது எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அப்பாவின் ஏரியல் பார்த்த பக்கமே நானும் திரும்பினேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை எல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. அங்கே தேடியபோது கிடைத்தது. நான்கு வரிச் செய்தி. அணிப்பட்டியலில் அவர் பெயர். முதலெழுத்து சரி, பெயரில் ஓர் எழுத்து தப்பு.

பெரிதாக்கி அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முதலில் சிரித்தார். "பேரைத் தப்பா போட்டுட்டான் பாரு." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"படம் இல்லையா தம்பி?"

"இல்ல அங்கிள். வீடியோவும் தேடினேன், கிடைக்கல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். "பையன் கேப்பான், நீங்க எப்பிடிப்பா ஆடுவீங்கன்னு. என்னான்னு சொல்றது? நான் ஆடி நானே பாத்ததில்ல."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? எங்கள் தொழிற்சாலையில் ஒரு திருகாணி இறங்குவதைக்கூட கேமரா பார்க்கிறது. எத்தனை சுற்று, எவ்வளவு விசை, எல்லாம் பதிவாகி மூன்று மாதம் சேமிப்பில் இருக்கும். ஏதாவது புகார் வந்தால் எடுத்துப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளித் திடலில் பத்து வயதுப் பிள்ளை பந்தைத் தட்டினால் அம்மா கைப்பேசியில் பிடித்து, இரவு சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டுகிறாள். பிள்ளை தன் முதுகு எப்படி வளைகிறது என்று தானே பார்த்துக்கொள்கிறான். நாட்டின் சின்னம் வைத்த கோட்டை அலமாரியில் மாட்டி வைத்திருக்கும் ஒரு மனிதருக்குத் தன் ஓட்டம் எப்படி இருந்தது என்று தெரியாது.

அதுவரை ஒளிபரப்பு என்றால் எனக்கு என் சௌகரியம்தான். லிங்க் கிடைக்குமா, தாமதமாகுமா, பந்து தெரியுமா. அந்த எரிச்சல் இப்போதும் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் காட்டப்படாத ஆட்டத்தில் ரசிகன் இழப்பது ஒரு சாயங்காலம். ஆடியவன் இழப்பது அதைவிடப் பெரிது. கேமரா வராத திடலில் ஆடியவன், ஆட்டம் முடிந்ததும் தன் உடம்பின் ஞாபகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். முழங்கால் போனால் அதுவும் பாதி போய்விடும்.

*

2025 அக்டோபர் கிண்ணத்துக்கு அங்கிள் வரவில்லை. அந்த முழங்காலில் அறுவைச் சிகிச்சை, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "லிங்க் இருந்தா அனுப்பு," என்றார். லிங்க்கை நம்பாமல் நானே கைப்பேசியை ஒரு சின்ன முக்காலியில் வைத்து, முக்கியமான இடங்களை மட்டும் துண்டு துண்டாகப் பிடித்து அனுப்பினேன். அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்புவார். பின்னணியில் அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும்.

அக்டோபர் 14 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. அரங்கமே பிதுங்கியது. கிரிக்கெட்டில் இரண்டு நாட்டு வீரர்களும் கைகொடுக்காமல் போன சர்ச்சை ஓய்ந்திருக்காத நேரம். இங்கே ஆட்டம் தொடங்கும் முன் பையன்கள் வரிசையாக வந்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டார்கள். அன்றிரவு என் கைப்பேசிக்கு வந்த காணொளிகள் எல்லாம் அந்தச் சில வினாடிதான். ஹாக்கி என்றால் என்னவென்று தெரியாத அத்தை முதற்கொண்டு அனுப்பினார். 3-3 என்று முடிந்த ஆட்டத்தின் ஆறு கோலில் ஒன்றைக்கூட யாரும் அனுப்பவில்லை. அங்கிளுக்கு ஆறையும் நான் அனுப்பினேன். கைதட்டலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மூணாவது கோலுக்கு லெஃப்ட் ஹாஃப் தூங்கிட்டான்," என்று மட்டும் வந்தது.

இறுதியாட்டம் 18ஆம் தேதி, இந்தியா எதிர் ஆஸ்திரேலியா. 1-1 என்று நீண்டு, முடியும் தறுவாயில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். கோல். 2-1. அந்தக் கார்னரை நான் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், எவ்வளவு நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் பந்தே தெரியவில்லை. நீலத்தில் ஒரு மஞ்சள் கீற்று, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். இருந்தாலும் அனுப்பினேன். "பந்து தெரியாது அங்கிள், மன்னிச்சுக்குங்க" என்று எழுதினேன்.

அரை மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. குக்கர் சத்தம் இல்லை. பல தடவை போட்டுப் பார்த்திருப்பார் போல.

"பந்தை ஏன்பா தேடுற. கீப்பர் காலைப் பாரு. எடது காலு தரையை விட்டு எந்திரிக்குதுல்ல, அப்பவே பந்து எங்க வருதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. காலு லேட்டு, அவ்ளோதான். இன்னொரு தடவ போட்டுப் பாரு."